டர்பன் பெரீயாவில் பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்று மேற்கே பார்த்தால், நகரத்தின் கட்டடங்களுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த நீண்ட முகடு ஒன்று தெரியும். அதுதான் பெரீயா. 1835-இல் இங்கு வந்த ஆலன் கார்டினர் என்ற மிஷனரி, விவிலியத்தில் வரும் ஓர் ஊரின் பெயரைத் தம் சமய நிலையத்துக்குச் சூட்டினார். அந்தப் பெயர் பிறகு முகடு முழுவதற்கும் நிலைத்துவிட்டது. கீழே உள்ள சதுப்பும் கொசுவும் இல்லாத உயரம், மாலையில் தவறாமல் வரும் கடற்காற்று ஆகிய இரண்டுக்காகவும் வசதி படைத்தவர்கள் இங்கே வீடு கட்டினார்கள். மஸ்கிரேவ், மார்னிங்சைட், எஸன்வுட், கிளென்வுட் என்று இன்று தனித்தனிப் பெயர்களால் அழைக்கப்படும் பகுதிகளில், தகரக் கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட நூறாண்டு வீடுகளும், 1930-களில் எழுந்த ஆர்ட் டெக்கோ பாணி அடுக்குமாடிகளும், அவற்றுக்கிடையே பிற்காலத்துக் கான்கிரீட் கட்டடங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பல்கலைக்கழக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து, இந்த முகட்டில் 11 ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். இப்போது இருப்பது மூன்றாவது வீடு. ஊரிலிருந்து புதிதாக வரும் குடும்பங்களும், டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்து வேலை காரணமாக இங்கே குடிவர நினைக்கும் இளையவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய வீட்டில் ஏற்கெனவே இருந்த குறை எது, நாம் குடிவந்த பிறகு ஏற்பட்ட குறை எது என்பதைப் பிரித்துக் காட்டும் எழுத்து நம் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் இந்தப் பகுதியில் வாழ்வது மிகவும் இன்பமானது. இல்லாவிட்டால் வீட்டின் வயதுக்கான செலவை நாமே சுமக்க நேரிடும்.

தெருவும் மேடும்

வீடு தேடும்போது முதலில் குழப்புவது தெருப்பெயர்கள். மாநகராட்சி பல தெருக்களின் பெயரை மாற்றியிருக்கிறது. ஆனால் விளம்பரம் கொடுப்பவர் பழைய பெயரையும் வரைபடம் புதிய பெயரையும் சொல்லும். ரிட்ஜ் ரோடு இன்று பீட்டர் மொகாபா ரிட்ஜ். எஸன்வுட் ரோடு ஸ்டீபன் டிலாமினி ரோடு. கௌவி ரோடு பிராப்ளம் எம்கீசே ரோடு. மூர் ரோடு சே குவேரா ரோடு. டாவன்போர்ட் ரோடு ஹெலன் ஜோசப் ரோடு. பெரீயா ரோடு கிங் டினுசுலு ரோடு. இரண்டு பெயர்களையும் குறித்துவைத்துக்கொண்டால், ஒரே வீட்டை இரண்டு வீடுகள் என்று எண்ணி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது நிலம். பெரீயா முகடு பழங்கால மணற்குன்றால் ஆனது. அதன் செம்மணல் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நீர் ஊறிவிட்டால் பிடிமானம் இழந்து சரியும். அதனால்தான் சரிவில் உள்ள பெரும்பாலான மனைகளில் மண்ணைத் தாங்கும் சுவர்கள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பெய்த பெருமழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நான் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் வீட்டுக்குள் நுழையும் முன் அந்தத் தாங்குசுவரைத்தான் சுற்றிப் பார்க்கிறேன். சுவர் வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறதா, குறுக்கே விரிசல் ஓடுகிறதா, நீர் வடிவதற்காக விட்ட துளைகள் அடைபட்டுக் கிடக்கின்றனவா, மேல்மனையின் மழைநீர் எங்கே இறங்குகிறது என்ற நான்கையும் பார்த்தால் போதும். துளைகள் அடைபட்டிருந்தால் அதைச் சரிசெய்வது எளிது, உரிமையாளரிடம் சொல்லலாம். சுவர் புடைத்திருந்தால் அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

திசை விஷயத்தில் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். நாம் கிழக்குப் பார்த்த வாசலைத் தேடுகிறோம். தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கில் இருக்கும் என்பதால், வடக்கு நோக்கிய அறைகள்தாம் குளிர்காலத்தில் வெயில் பெறும். தெற்கு நோக்கிய படுக்கையறை ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடந்து, மழைக்காலத்தில் அலமாரிக்குள் இருக்கும் பட்டுப்புடவையிலும் தோல் செருப்பிலும் பூசணம் பூக்க வைக்கும். வாஸ்து பார்ப்பவர்கள் தங்கள் நம்பிக்கையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும், உறங்கும் அறைக்கு வெயில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபுளோரிடா ரோட்டை ஒட்டிய வீடுகளை விளம்பரத்தில் மிகவும் புகழ்வார்கள். பழைய வீடுகளை உணவகங்களாக மாற்றிய அழகான தெருதான், ஆனால் வார இறுதியில் நள்ளிரவைத் தாண்டியும் இரைச்சல் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

வீட்டைப் பார்க்கும் முறை

பகலில் ஒருமுறையும், முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் பாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில் இது எளிது. வறண்ட ஜூலையில் பார்க்கும்போது எல்லாச் சுவரும் நன்றாகத்தான் இருக்கும். புதிதாக வெள்ளையடித்த சுவரைக் கண்டு மகிழ வேண்டாம். உட்சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேலே உள்ள சுவரைவிட அது குளிர்ந்திருந்தாலோ, சுண்ணாம்பு மாவு போல் கையில் ஒட்டினாலோ, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று பொருள். பழைய கட்டடங்கள் பலவற்றில் அடித்தளத்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பழுதாகியிருக்கும். எத்தனை முறை வண்ணம் பூசினாலும் அது ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

பிறகு மரம். இந்த வீடுகளின் கதவும் நிலையும் சன்னலும் பல இடங்களில் பர்மாத் தேக்கு. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தின் நிறமும் கனமும் உடனே தெரிந்துவிடும். கடல் கடந்து வந்த ஒரே மரம் காரைக்குடியிலும் டர்பனிலும் நிலைப்படியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. தேக்கு உறுதியானது, அதைப் பற்றிக் கவலையில்லை. கவலைப்பட வேண்டியது தரைப்பலகைகளையும் கூரைச் சட்டங்களையும் பற்றி. அவை பெரும்பாலும் பைன் மரம்; வண்டு துளைக்கும். சிறிய வட்டத் துளைகளும், அவற்றுக்குக் கீழே புதிய மாவும் இருந்தால் உள்ளே இன்னும் உளுத்துக்கொண்டிருக்கிறது. துளை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் அது பழைய கதையாக இருக்கலாம். தரையில் நடக்கும்போது ஓரிடத்தில் மெத்தை போல் அமுங்கினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் நகரும் பழைய சன்னல்களுக்குள் கயிற்றில் கட்டிய இரும்பு எடைகள் தொங்கும். கயிறு அறுந்திருந்தால் சன்னல் திடீரென்று கீழே விழும். எங்கள் இரண்டாவது வீட்டில் அப்படி விழுந்த சன்னல் என் மனைவியின் விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. ஒவ்வொரு சன்னலையும் பாதி உயர்த்திக் கையை எடுத்துப் பாருங்கள். நின்றால் கயிறு நன்றாக இருக்கிறது.

கூரையைக் கேளுங்கள். நெளிந்த தகரம் என்றால் நல்லது. சாம்பல் நிறத்தில் தகடு தகடாகக் கிடந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் பயன்பாட்டை தென்னாப்பிரிக்கா 2008-இல் தடை செய்தது, ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியேதான் இருக்கின்றன. உடையாமல் இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. அதை நாமாகத் துளையிடவோ உரசிக் கழுவவோ கூடாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உரிந்து விழும் சன்னல் வண்ணத்தைத் தவழும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் குடிவருவதற்கு முன்பே சரிசெய்யும்படி கேட்பது நம் உரிமை.

மின்பலகையைத் திறந்து, கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். உடனே விளக்கு அணைய வேண்டும். கரண்டுக்கு முன்கட்டண மீட்டரா, மாதக் கணக்கா என்று கேளுங்கள். பெரிய வீட்டுக்கும் பின்புறச் சிறுவீட்டுக்கும் ஒரே மீட்டர் இருந்தால், பிரித்து அளக்கும் துணைமீட்டர் போடாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். "பாதி பாதி" என்ற வாய்ப்பேச்சு இரண்டு குடும்பங்களின் நட்பைக் கெடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெந்நீர் கீசர் கூரைக்குள்ளே இருக்கும். அது வெடித்தால் உள்கூரை நனைந்து இடிந்து கீழே வரும். அதன் வயதையும், உரிமையாளரின் காப்பீட்டில் அது அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாத்திரம் பண்டம், துணிமணிகளுக்கு அந்தக் காப்பீடு பொருந்தாது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

பின்வாசல்

பெரீயா வீடுகளின் பின்புறத்தில் ஒற்றை அறையும் சிறு கழிப்பறையும் கொண்ட தனிக்கட்டடம் ஒன்று அனேகமாக இருக்கும். அது வேலையாட்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. இன்று அதைப் புதுப்பித்து, கார்டன் காட்டேஜ் என்ற பெயரில் தனியாக வாடகைக்கு விடுகிறார்கள். தனியாக வரும் மாணவருக்கும் புதிதாக மணமானவர்களுக்கும் இந்த முகட்டில் கட்டுப்படியாகும் வழி அதுதான். ஆனால் அதன் சுவர் ஒற்றைச் செங்கலாக இருக்கும், சன்னல் சிறியதாக இருக்கும், அடுக்களை பெயருக்கு இருக்கும். தோசைக்கல்லை வைத்தால் அறை முழுதும் புகை நிற்கும் என்பதால், புகைபோக்கியோ எதிரெதிர்ச் சன்னலோ உண்டா என்று பாருங்கள்.

நாங்கள் இரண்டாவது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, எங்களுக்குப் பழக்கமான ஓர் ஆயா சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்தார். வாடகைக் காரிலிருந்து இறங்கியவர், முன்வாசல் திறந்திருந்தும், பக்கவாட்டில் உள்ள சந்து வழியாகப் பின்புறம் போய் நின்றார். "ஏன் ஆயா இப்படிச் சுத்தி வந்தீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "அப்பாவோட கூடை தூக்கிட்டு இந்தத் தெருவுக்கெல்லாம் வருவேம்மா. காய்கறி விக்கிறவங்க பின்வாசலுக்குத்தான் போகணும். கால் தானா போயிடுச்சு" என்றார். அன்று அந்த அறையின் வாசற்படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இந்தப் பகுதியில் வாடகைக்கு வருபவர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அவர்களுடைய பிள்ளைகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் நகரத்தில் வீடு வாங்கத் தொடங்கியபோது, அதைத் தடுக்கவே 1943-இலும் 1946-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1946 ஜூன் 13 அன்று, கிளென்வுட்டின் கீழே அம்பிலோ ரோடும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், தங்களுக்கு மறுக்கப்பட்ட நிலத்தில் கூடாரம் அடித்து மக்கள் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். நட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் ஜி. எம். நாயக்கர் உள்ளிட்டுச் சுமார் 2000 பேர் சிறை சென்றார்கள். இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் அதற்குப் பிறகு முகட்டின் மறுபுறத்தில் கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலுமாக வாழ்ந்த நம்மவரைச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியது. அந்தச் சட்டம் 1991-இல்தான் நீங்கியது. மஸ்கிரேவில் ஒரு தமிழ்ப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் ஏறுவது அதற்குப் பிறகுதான் இயல்பான செய்தியாயிற்று. இன்றைய வாடகை வீட்டுவசதிச் சட்டம், இனம், சமயம், மொழி, பண்பாடு ஆகியவற்றைக் காட்டி வாடகைக்கு மறுப்பதைத் தடை செய்கிறது. "உங்கள் சமையல் வாசனை சரிப்படாது" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை நாள், நேரத்தோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்டும் ஒப்பந்தமும்

ஏஜென்ட் வழியாக எடுப்பதானால், இந்தத் தொழிலைச் செய்வதற்கான, காலாவதியாகாத ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்து முகவர் சட்டத்தின்படி, அது இல்லாதவர் கட்டணம் பெற முடியாது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் உடனே காட்டுவார். வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன் முன்பணம் அனுப்பச் சொல்பவர், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் கதையை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். ஊரில் இருந்துகொண்டே வீடு பிடிக்க நினைப்பவர்கள்தாம் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். வந்து இரண்டு வாரம் விருந்தினர் விடுதியில் தங்கித் தேடினால் ஆகும் செலவு, பறிபோகும் முன்பணத்தைவிடக் குறைவு.

மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் விசாவும் அடையாள ஆவணமும் கேட்பார்கள். இந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு, வேலை தரும் நிறுவனத்தின் கடிதம் மிகவும் உதவும்.

ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் நாம் கேட்டால் எழுத்தில் தர உரிமையாளர் கடமைப்பட்டவர். எனவே கேளுங்கள். முன்பணம் வழக்கமாக ஒரு மாத அல்லது இரண்டு மாத வாடகை. அதை வட்டி தரும் கணக்கில் வைக்க வேண்டும், வட்டி வாடகைதாரருக்கே உரியது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நாம் எழுத்தில் சான்று கேட்கலாம் என்று 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. பலர் இதைக் கேட்பதேயில்லை.

காலக்கெடு குறித்தும் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்யும் உரிமையாளருக்கு 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன்படி, ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தாலும், 20 வேலைநாட்கள் முன்னறிவிப்பு கொடுத்து வாடகைதாரர் வெளியேறலாம்; அதற்கு நியாயமான தொகையைத்தான் இழப்பீடாகக் கேட்க முடியும். விசா நீட்டிப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கும், வேலை மாற்றலாகக்கூடியவர்களுக்கும் இது பெரிய துணை.

பழைய வீட்டுக்கென்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை வேறு. கூரை, கழிவுநீர்க் குழாய், கீசர், மரத்தில் வண்டு, கரையான், தாங்குசுவர், பெரிய மரங்களின் கிளை வெட்டுதல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தையும் நீச்சல் குளத்தையும் யார் பராமரிப்பது, அதற்கான மருந்துச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வர வேண்டும். "பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு" என்ற ஒற்றை வரியை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். நூறாண்டு வீட்டில் அந்த ஒரு வரிக்கு எல்லையே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தின் எந்தப் பகுதியையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது; குவாசுலு-நட்டாலில் அந்த அமைப்பு அமாஃபா. பழைய சன்னலைக் கழற்றி அலுமினியம் வைப்பது, தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைப்பது, ஏசி பொருத்த முன்சுவரை உடைப்பது போன்றவற்றை உரிமையாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டாலும் நாமாகச் செய்துவிடக் கூடாது. பூசை அலமாரி, புத்தக அடுக்கு, திரைச்சீலைக் கம்பி எல்லாவற்றையும் சுவரைத் துளைக்காமல் நிற்கும் வகையில் அமைத்துக்கொண்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

சாவி வாங்கும் நாள்

எங்கள் முதல் வீட்டின் சாவியை ஏஜென்ட் அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டார்கள். "வீடு நன்றாகத்தான் இருக்கிறது, இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். போட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலி செய்தபோது, வரவேற்பறையின் மரத்தரை நீர்பட்டு உப்பியதற்கும், குளியலறைக் கண்ணாடி கீறியதற்கும், ஒரு கதவின் பித்தளைப் பிடி காணாமல் போனதற்கும் என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றும் நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தன. என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. குடிவரும்போதும் காலி செய்யும்போதும் இருதரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும் என்பதும், உரிமையாளர் தரப்பு அதைச் செய்யத் தவறினால் வீடு நல்ல நிலையில் இருப்பதாக அவர்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கருதும் என்பதும், சேதத்துக்காக அவர்கள் எதையும் பிடிக்க முடியாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பேன்.

மூன்றாவது வீட்டுக்கு வந்தபோது செய்தது வேறு. காலை ஒன்பது மணிக்கு, உரிமையாளரின் பிரதிநிதியோடு, கையில் ஒரு நோட்டும் டார்ச் விளக்கும் வைத்துக்கொண்டு நுழைந்தேன். ஒவ்வோர் அறையிலும் வாசலுக்கு இடப்புறச் சுவரில் தொடங்கி வலமாகச் சுற்றி, சுவர், தரை, உள்கூரை, சன்னல், கதவு, தாழ்ப்பாள், சுவிட்சு என்று ஒரே வரிசையில் எழுதினோம். "படுக்கையறை இரண்டு: சன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்தில் ஓதக் கறை, தரைப்பலகையில் அலமாரிக்கு அருகே பத்துத் துளைகள், மாவு இல்லை, கதவுப் பிடியின் திருகு ஒன்று இல்லை." இந்த அளவு நுணுக்கம் வேண்டும். ஒவ்வொரு குறையின் அருகிலும் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தேன், அளவு தெரிவதற்காக. அடுக்களைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தபோது ஒரு நாற்றம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய இரும்புக் குழாயின் இணைப்பில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது, சற்று நேரத்தில் விழுந்தது, அடுத்தது திரளத் தொடங்கியது. அதையும் எழுதினோம், அந்த வாரமே மாற்றிக் கொடுத்தார்கள். குழாய் மூடியபின் நீர் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, கரண்ட், நீர் மீட்டர்களின் எண்களைப் படமெடுத்து, எல்லாவற்றிலும் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. பிரதிநிதி சற்று அலுத்துக்கொண்டார், அது பரவாயில்லை.

குடியிருப்பு

அடுக்குமாடியில் வீடு எடுத்தால், உரிமையாளர்களின் பொதுக்குழு வகுத்த நடத்தை விதிகள் வாடகைதாரரையும் கட்டுப்படுத்தும். கையெழுத்துக்கு முன்பே அந்த விதிகளின் பிரதியைக் கேட்டு வாசியுங்கள். பொதுத் தாழ்வாரத்தில் கோலம் போடலாமா, வாசலில் செருப்பு விடலாமா, மாடியில் வற்றல் காயவைக்கலாமா, வாடகை வீட்டில் பூசைக்கு எத்தனை விருந்தினர் வாகனம் நிறுத்தலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். விளக்கு ஏற்றும் இடத்தில் புகையுணரி இருந்தால் சாம்பிராணி போடும்போது அது அலறும். இடத்தை முன்பே பார்த்துவையுங்கள். விதி நியாயமற்றதாகத் தோன்றினால் முதலில் பொறுப்பாளர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவதே போதுமானதாக இருந்திருக்கிறது. தீபாவளிப் பட்டாசு இந்த நகரத்தில் ஒவ்வோர் ஆண்டும் சச்சரவைக் கிளப்பும் விஷயம். அந்த ஆண்டுக்கு மாநகராட்சி அறிவிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, நாய் வளர்க்கும் அண்டை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, அதிரசமும் முறுக்கும் ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மனமுவந்து ஒத்துழைக்கிறார்கள்.

குரங்குகள் வரும். முகட்டின் மரங்களில் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன; அடுக்களை மேசையில் வாழைப்பழம் தெரிந்தால் சன்னல் கம்பிக்குள் புகுந்துவிடும். உணவளிக்காதீர்கள், விரட்டவும் வேண்டாம், பழத்தை மூடிவையுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, சன்னல் கம்பி, மின்வேலி, ஆயுதக் காவல் நிறுவனத்தின் அவசரப் பொத்தான் ஆகியவற்றுக்கான மாதக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். தெருவாசிகளின் குழுவில் சேருங்கள். இருட்டிய பின் தானியங்கிக் கதவுக்கு முன்னால் காரை நிறுத்திக் காத்திருக்காமல், தெருவில் ஆள் இல்லை என்று பார்த்த பிறகே கதவைத் திறந்து நுழையுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அவர் முழு உரிமையுள்ள தொழிலாளர் என்பதை மறக்க வேண்டாம். குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. இரண்டு மணி நேரமே வேலை இருந்தாலும் அன்றைக்கு நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையின்மைக் காப்பீட்டில் பதிவு செய்ய வேண்டும். இந்த முகட்டின் பின்வாசல்களில் யார் யார் நின்றார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம். கூலியிலும் ஒரு டம்ளர் தேநீரிலும் கணக்குப் பார்ப்பது நமக்கு அழகல்ல.

சமையல் சாமான்களுக்குக் கவலையில்லை. மஸ்கிரேவ் கடைகளில் கிடைக்காத கறிவேப்பிலை, முருங்கைக்காய், பச்சை மொச்சை எல்லாம் மேட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இறங்கினால் வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தையில் புதிதாகக் கிடைக்கும்; மசாலாவுக்கு விக்டோரியா தெருச் சந்தை. கேட்டோ மேனரில் உள்ள அம்பிலோ அம்பலவாணர் ஆலயம் முகட்டுக்கு மறுபுறம்தான். புனித வெள்ளியை ஒட்டி அங்கே நடக்கும் தீமிதிக்குப் போகிறவர்கள் வாகனத்தைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

சிக்கல் வந்தால்

பழுது இருந்தால் வாட்ஸ்அப்பில் சொன்னதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். உரிமையாளர் செய்யவில்லை என்பதற்காக வாடகையை நிறுத்திவிடக் கூடாது. அது நம் பக்கத்து நியாயத்தையே குலைத்துவிடும். மாகாண வாடகை வீட்டுவசதித் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதன் தீர்ப்புக்கு நீதிமன்ற ஆணையின் வலிமை உண்டு. நீதிமன்ற ஆணையின்றி யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. பூட்டை மாற்றுவதும், வெளியேற்றுவதற்காகக் கரண்டையும் தண்ணீரையும் துண்டிப்பதும் சட்டவிரோதம்.

காலி செய்யும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கூட்டுப் பார்வை நடக்க வேண்டும். குடிவந்த நாளின் நோட்டை எடுத்துக்கொண்டு, அதே வரிசையில், அதே சுவரில் தொடங்குங்கள். நிலுவை எதுவும் இல்லையென்றால் முன்பணமும் வட்டியும் 7 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். பழுதுக்காகப் பிடித்தம் இருந்தால் மீதித் தொகை 14 நாட்களுக்குள், செலவுக்கான ரசீதுகளைப் பார்க்கும் உரிமையோடு. அழைத்தும் நாம் பார்வைக்கு வராமல் இருந்தால் அந்தக் கெடு 21 நாட்களாகிவிடும். ஆகவே விமானச் சீட்டை அந்த நாளுக்குப் பிறகு போடுங்கள். மீட்டர் எண்களைக் கடைசியாக ஒருமுறை படமெடுத்து, பின்வாசல் சாவியையும் மறக்காமல் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.